கொக்கி பிடித்த கை

ரெய்னோ நிவா மீனுக்குப் புகை போடுகிற கொட்டகை என் பெட்ரோல் பங்குக்கு நேர் எதிரே இருந்தது. காற்று ஏரிப் பக்கமிருந்து அடித்தால் என் கடை, என் சட்டை, நான் விற்கிற ரொட்டி எல்லாவற்றிலும் மேப்பிள் கட்டைப் புகையும் மீனும் மணக்கும். பெட்ரோல் போட வந்தவர்கள் குழாயை வண்டியில் சொருகிவிட்டு ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நடந்துபோவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறெரியும். அதே மீன் என் குளிர்பெட்டியிலும் இருந்தது. ஆனாலும் கொட்டகை வாசலில் நின்று ரெய்னோ கையால் வாங்கினால்தான் அவர்களுக்குத் திருப்தி.

அமெரிக்காவின் வடக்கே, சுப்பீரியர் ஏரிக்கரையில் எங்கள் ஊரில் பாதிப்பேர் ஃபின்லாந்திலிருந்து வந்தவர்களின் வாரிசுகள். பேச்சுக்கு வரி போட்ட நாட்டிலிருந்து தப்பி வந்தவர்கள் மாதிரி இருப்பார்கள். ஒருவர் பலவீனத்தை இன்னொருவர் வாய்விட்டுச் சொல்வது அவர்களைப் பொறுத்தவரை அடிப்பதை விட மோசம். நான் சுரங்க வேலைக்கு வந்த இத்தாலிக்காரரின் பேரன். எனக்கு வாய் ஓயாது. "டொமெனிக் இருக்கிற எடத்துல ரேடியோ எதுக்கு?" என்று என்னைக் கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். நான் பேசியதால் கெட்டதை விட அவர்கள் பேசாததால் கெட்டது அதிகம்.

செம்புச் சுரங்கத்தை மூடியபோது வேலை போன ரெய்னோ, சுரங்கத்துக்காரர்கள் விட்டுப்போன உத்திரக்கட்டைகளைத் தூக்கிவந்து அந்தக் கொட்டகையைக் கட்டினான். கட்டையின் மறுமுனையைத் தோளில் வாங்கியவன் ஆர்வோ கங்காஸ். முதல் குளிர்காலத்தில் கூலி என்று ஒன்றும் கிடையாது. விற்காத மீனைத் தின்றே இரண்டு பேரும் பனியைத் தாண்டினார்கள். அப்புறம் வியாபாரம் பிடித்தது. பொட்டலம் கட்ட பெர்னிஸ் வந்தாள், கோடையில் மட்டும் இன்னும் சிலர் வந்துபோவார்கள். யாரும் ரெய்னோவை முதலாளி என்று கூப்பிட்டதில்லை. ஆர்வோ 'நம்ம கொட்டகை' என்றுதான் சொல்வான். அந்த 'நம்ம' என்ற வார்த்தை அவன் மனைவி எல்மாவுக்குப் பிடிக்காது. "வீட்டைச் சொல்றப்ப மட்டும் 'உன் கூரை ஒழுகுது எல்மா'ம்பாரு" என்பாள்.

கொட்டகையில் வெப்பமானி கிடையாது. கடிகாரமும் கிடையாது. ரெய்னோ வந்து கதவைத் திறப்பான். மூன்றாவது கம்பியில் தொங்குகிற மீனில் முதுகெலும்போரம் ஒரு துண்டு பிய்த்து, மூக்கருகே வைத்துக் கண்ணை மூடுவான். பிறகு வாயில் போடுவான். பதம் "இன்னும் வரல" என்றால் கதவு சாத்தப்படும். "வந்துடுச்சு" என்றால் ஆர்வோ நீளக் கொக்கியால் கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே எடுப்பான். அந்த ஒரு வார்த்தையை ரெய்னோவைத் தவிர யாரும் சொன்னதில்லை. அவன் படகுத்துறையில் மீன்காரர்களோடு நின்றாலும் ஆளனுப்பிக் கூட்டிவருவார்களே ஒழிய, ஆர்வோ தானாகக் கொக்கியைத் தொடமாட்டான்.

அந்த வருஷம் ஜனவரியில் பனி கொட்டித் தீர்த்தது. கூரை தாங்காது என்று எல்லோரும் மேலே ஏறி அள்ளித் தள்ளிக்கொண்டிருந்தோம். ரெய்னோ அறுபதைத் தாண்டியவன், சொன்னால் கேட்பானா? பனிப்பாளத்தோடு சேர்ந்து சறுக்கி வந்து, வாசற்படியில் பின்மண்டை அடிபட விழுந்தான். தையல் போட்டார்கள். ஒரு வாரத்தில் கட்டோடு வேலைக்கு வந்துவிட்டான்.

"மண்டையில ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொன்னாரா?" என்று கேட்டேன்.

"சொன்னாரு. உன்னையும் ஒருதரம் கூட்டிட்டு வரச் சொன்னாரு" என்றான்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் ரெய்னோ வீட்டுப் பின்புறம் சவுனா என்கிற ஆவிக்குளியல் அறையில் கூடுவோம். மரப்பலகைச் சுவர், கனன்ற கற்கள், அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் எழும்புகிற ஆவி. மேல்பலகையில் ரெய்னோவும் ஆர்வோவும், கீழ்ப்பலகையில் நான். மேலே உட்கார்ந்தால் என் காது வெந்துவிடும். அங்கே முதலாளி கிடையாது, வேலையாள் கிடையாது. அங்கே உட்கார்ந்து யாரும் பொய் சொல்லக்கூடாது. சொன்னால் தோல் உரியும் என்று சின்ன வயதிலேயே பயமுறுத்தி வைத்திருப்பார்கள். முதுகில் அடித்துக்கொள்ள, கோடையில் வெட்டிக் காயவைத்த பிர்ச் இலைக்கட்டு ஒன்றை ரெய்னோ வெந்நீரில் நனைப்பான். முகத்தில் அழுத்தி மூச்சை இழுப்பான். "ஜூன் மாசம்" என்பான். வெளியே பனி ஆளுயரம் கிடக்கும். அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கே உடம்பு சூடாகிவிடும்.

அவன் விழுந்து எழுந்த பிறகு வந்த ஒரு சனிக்கிழமை. இலைக்கட்டு எங்கோ ஈரத்தில் கிடந்திருக்கிறது. நனைத்ததுமே அறை முழுக்கப் பூஞ்சை நாற்றம், செத்த எலி மாதிரி. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ரெய்னோ அந்த இலைகளை முகத்தில் அழுத்தி, நெஞ்சு நிறைய இழுத்து, "ஜூன் மாசம்" என்றான்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இந்த ஆளுக்குக்கூட விளையாடத் தெரிகிறதே என்று நினைத்தேன். மேலே பார்த்தபோது ஆர்வோ சிரிக்கவில்லை. கற்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ரெய்னோ அவன் முகத்தை ஒரு தரம் பார்த்தான். பிறகு தண்ணீர் மொண்டு ஊற்றினான். அதற்கப்புறம் ஆர்வோ சனிக்கிழமைகளில் வரவில்லை. ஒரு வாரம் வண்டி கிளம்பவில்லை, ஒரு வாரம் எல்மாவுக்கு இடுப்புவலி, ஒரு வாரம் காரணமே இல்லை. ரெய்னோ மேல்பலகையில் அவன் உட்காருகிற பக்கத்தை விட்டே உட்கார்ந்திருப்பான்.

எல்மாவின் இடுப்புவலி பொய்யில்லை. எலும்பு தேய்ந்து, கடைக்கு வந்தால் குளிர்பெட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். ஒருநாள் பால் வாங்க வந்தவள் பாலை வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். ஃபின் பெண் என் கடையில் அழுது நான் பார்த்தது அதுதான் முதல்தடவை. காபி ஊற்றிக் கொடுத்தேன்.

"ஆபரேஷன் நாள் குடுத்துட்டாங்க டொமெனிக். ஈஸ்டருக்கு முந்தின வாரம்."

"நல்லதுதானே, அதுக்கா அழற?"

"அவரு அன்னிக்கு வர மாட்டாராம். முதல்நாள் கொண்டு விட்டுட்டு, திரும்பி வந்துட்டு, மறுபடி சாயங்காலம் வர்றாராம். ஈஸ்டர் மீன் இருக்காம். நான் உள்ள போறப்ப அவரு இங்க இருக்கணுமாம்."

"ரெய்னோகிட்ட ஒருநாள் லீவு கேக்க என்னவாம்? அவன் என்ன ராட்சசனா?"

"ரெய்னோவுக்கு ஆபரேஷன் விஷயமே தெரியாது. இவரு சொல்லல. சொன்னா ரெய்னோ போகச் சொல்லிடுவாரு. போனா..." எல்மா கடையில் வேறு யாரும் இல்லையே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "ரெய்னோவுக்கு மூக்கு செத்துப்போச்சு. விழுந்ததிலேர்ந்து ஒண்ணும் தெரியல. காபி தீஞ்சாக்கூடத் தெரியல. புகை பிடிச்சுதா இல்லியான்னு அவரால சொல்ல முடியாது."

"அப்புறம் யாரு சொல்றா? மீன் எப்பவும்போலத்தானே இருக்கு?"

"இந்த மனுஷன்தான். கொக்கி செவுத்துல சாஞ்சிருந்தா இன்னும் வரலன்னு அர்த்தம். வந்துடுச்சுன்னா கையில எடுத்து வச்சுப்பாரு. ரெய்னோ அதைப் பார்த்துட்டுச் சொல்லிடறாரு. தான் கொக்கியப் பார்த்துத்தான் சொல்றோம்னு ரெய்னோவுக்கே தெரியாதுன்னு நினைக்கிறாரு இவரு. கவுண்டி ரோடு டிபார்ட்மெண்ட்டுல பனி தள்ற வண்டிக்கு ஆள் கேட்டாங்க. வைத்தியச் செலவு அவங்க பார்த்துப்பாங்க, பென்ஷன் உண்டு. 'நான் போயிட்டா ரெய்னோவுக்கு யாரு'ன்னு வேணாம்னுட்டாரு. எனக்கு யாருன்னு அவருக்குத் தோணல பாரு."

அன்றைக்கு மத்தியானம் வேண்டுமென்றே ரோட்டைத் தாண்டிப் போய் நின்றேன். ரெய்னோ கதவைத் திறந்தான், துண்டைப் பிய்த்தான், கண்ணை மூடினான். திறந்தபோது அவன் கண் நேராக ஆர்வோவின் கைக்குப் போனது. கை வெறுமனே இருந்தது. "இன்னும் வரல" என்றான். அரைமணி போல் கழித்து மறுபடி திறந்தபோது ஆர்வோ கொக்கியை எடுத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். "வந்துடுச்சு." இரண்டு கிழட்டுக் குதிரைகள் ஒரே வண்டியை இழுத்துக்கொண்டு ஒன்றையொன்று பார்க்காமல் நடக்கிற மாதிரி இருந்தது.

ஆர்வோ பெட்ரோல் போட வந்தபோது பிடித்துக்கொண்டேன்.

"எல்மா சொல்லிட்டா. நேரா போயி அவன்கிட்ட சொல்லு."

"என்னன்னு?"

"உன் மூக்கு போச்சு, இனிமே நான் பார்த்துக்கறேன்னு."

ஆர்வோ குழாயைத் தொங்கவிட்டான். மூடியைத் திருகினான். ரொம்ப நேரம் திருகினான்.

"அவன்கிட்ட அது ஒண்ணுதான் இருக்கு டொமெனிக். பெண்டாட்டி போயிட்டா, பிள்ளை இல்ல. அந்தக் கதவத் திறந்து ஒரு வார்த்தை சொல்றதுதான் இருக்கு. அதையும் நான் புடுங்கிக்கணுமா?"

"அதுக்காகப் பெண்டாட்டியை ஆஸ்பத்திரியில தனியா விடுவியா?"

"எல்மா தைரியசாலி."

"உன் தலை. எத்தனை நாளைக்கு இப்படி?"

"அவன் இருக்கறவரைக்கும்" என்றான். அதைவிடச் சின்ன விஷயம் உலகத்தில் இல்லை என்பது போலச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஏரி இன்னும் உருகவில்லை. கரையோரம் மட்டும் பனிக்கட்டி உடைந்து கறுப்புத் தண்ணீர் தெரிந்தது. ரோட்டில் சேறும் பனியும் கலந்து கால் வைத்த இடமெல்லாம் சொதசொதவென்று கிடந்தது. ஆர்வோ முதல்நாள் எல்மாவை மலைக்கு அந்தப்பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, விடிவதற்குள் திரும்பியிருந்தான். காலையில் கடையைத் திறந்தபோது எதிரே அவன் வண்டி நின்றது. சக்கரமெல்லாம் சேறு. எல்மா சொன்னது ஞாபகம் வந்ததும் எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. கல்லாவைக்கூடப் பூட்டாமல் ஓடினேன்.

கொட்டகைக்குள் வருஷத்திலேயே பெரிய சுமை தொங்கிக்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீரில் ஊறி, கழுவி, தோல் பளபளவென்று காய்ந்த வெள்ளைமீன் கம்பி கம்பியாக. ஆர்வோ அடுப்பில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். ரெய்னோ பக்கத்தில் பெட்டிமேல் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான்.

"டேய், உனக்கு மனசாட்சி இருக்கா?" என்று கத்தினேன். "அங்க எல்மாவ அறுக்கப் போறாங்க, நீ இங்க கட்டை அடுக்கறியா?"

ஆர்வோ என்னை வெறித்துப் பார்த்தான். என்னைக் கொன்றுபோட்டிருப்பான். ரெய்னோ கோப்பையைக் கீழே வைத்தான்.

"எல்மாவுக்கு என்ன?"

"இடுப்பு ஆபரேஷன். இன்னிக்கு. இப்ப" என்றேன்.

"நிஜமா ஆர்வோ?"

"சின்ன ஆபரேஷன்தான். சாயங்காலம் போயிடுவேன். இந்தச் சுமை..."

ரெய்னோ எழுந்தான். மூலையில் இருந்த தண்ணீர் வாளியைத் தூக்கினான். கதவைத் திறந்து, கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்த அடுப்பில் அப்படியே கவிழ்த்தான். சாம்பலும் ஆவியும் பொங்கி மேலே போய் மீன் முழுக்கப் படிந்தன. இத்தனை வருஷத்தில் ஒரு மீனைக்கூட வீணாக்காத மனுஷன். பெர்னிஸ் "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இனிமே இங்க ஒண்ணுமில்ல" என்றான் ரெய்னோ. "போ."

ஆர்வோ ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் போனான். அவன் போய்ச் சேர்ந்தபோது ஆபரேஷன் முடிந்திருந்தது. நான் அன்றைக்கு வாயைத் திறந்ததற்கு இன்றுவரை வருத்தப்படவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்மா வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் சூப் எடுத்துக்கொண்டு போனேன். நடைவண்டியைப் பிடித்தபடி ஜன்னலோரம் நின்றிருந்தாள். ஆர்வோ சமையலறையில் உருளைக்கிழங்குத் தோலோடு சேர்த்துப் பாதிக் கிழங்கையும் சீவிக்கொண்டிருந்தான். அவன் காதில் விழட்டும் என்றே எல்மா சத்தமாகச் சொன்னாள்.

"மயக்க மருந்து குடுக்கறப்ப அந்த நர்ஸ் 'யாரு கையையாவது பிடிச்சுக்கறீங்களா'ன்னு கேட்டா டொமெனிக். என் கையைப் பிடிக்க வேண்டிய மனுஷன் இங்க மீன் கொக்கியப் பிடிக்க வந்துட்டாரு. நர்ஸ் கையையே பிடிச்சுக்கிட்டேன். சின்னப் பொண்ணு. பாவம், நசுக்கிட்டேன்."

சீவுகிற சத்தம் நின்றது.

"ரெய்னோ வந்தானா?" என்று பேச்சை மாற்றினேன்.

"வந்தாரு. ஏலக்காய் ரொட்டி கொண்டு வந்தாரு, அவரே சுட்டது. ஏலக்காய் கையளவு போட்டுட்டாரு, வாயில வைக்க முடியல. பாவம், அவருக்கெங்க தெரியும்? அந்த நாற்காலியில ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாரு. என் இடுப்பையே பார்த்தாரு. போறப்ப 'மன்னிச்சுக்கோ எல்மா'ன்னாரு. நீங்க என்ன பண்ணீங்கன்னு கேட்டேன். தொப்பிய மாட்டிட்டுக் கிளம்பிட்டாரு."

மே மாதம் தெற்கே கீழ் மிச்சிகனிலிருந்து இரண்டு பேர் சுத்தமான காலணிகளோடு வந்து, கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, லேபிளைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். ஆர்வோ அவர்களைச் சுற்றுலாப் பயணிகள் என்று நினைத்து ஆளுக்கொரு மீன் கொடுத்தானாம். அடுத்த வாரம் காபி வேளையில் ரெய்னோ சொன்னான். பெர்னிஸ் வந்து என்னிடம் சொன்னது இது:

"கோப்பையைக் கழுவிட்டே 'வித்துட்டேன்'னாரு. என்னத்த வித்தீங்கன்னேன். 'பேரை'ன்னாரு. 'நிவா மீன்'ங்கற பேர் இனி அவங்களுது. அவங்க பெரிய தொழிற்சாலையில போட்டுக்குவாங்களாம். இந்த மாசத்தோட சரின்னாரு. ஆர்வோ வெளிய போயி, வெட்டின கட்டையவே மறுபடியும் வெட்டிட்டிருந்தாரு. தீக்குச்சி அளவுக்கு வெட்டிட்டாரு."

அந்தச் சனிக்கிழமை ஆர்வோ சவுனாவுக்கு வந்தான். பூஞ்சைக்கட்டு நாளுக்கப்புறம் அப்போதுதான். மேல்பலகையில் தன் இடத்தில் ஏறி உட்கார்ந்தான். ரெய்னோ தண்ணீர் ஊற்றினான். ஆவி எழும்பி அடங்கியது. மறுபடி ஊற்றினான். கீழ்ப்பலகையிலேயே என் காது பொரிந்தது. இறங்கி ஓடவும் மனமில்லை.

"ஏன்?" என்றான் ஆர்வோ.

"உனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"இங்க உக்காந்து பொய் சொல்றியா?"

ஆர்வோ தலையைக் குனிந்துகொண்டான். ரெய்னோ அகப்பையைக் கீழே வைத்தான்.

"எனக்கு மூக்கு போயிடுச்சு ஆர்வோ. கூரையிலேர்ந்து விழுந்தப்பவே."

"தெரியும்."

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்."

ஆர்வோ நிமிர்ந்தான். "எப்பலேர்ந்து?"

"அன்னிக்கு ஜூன் மாசம்னு சொன்னேனே, அன்னிக்கே. இந்த இத்தாலிக்காரன் சிரிச்சான். நீ சிரிக்கல. உன் மூஞ்சியப் பார்த்தேன், புரிஞ்சுபோச்சு."

"அப்ப கொக்கி..."

"பின்ன? கொக்கியைப் பார்க்காம நான் எதை வச்சு வந்துடுச்சுன்னு சொல்லுவேன்? நீ அதைக் கையில எடுத்தா எனக்கு உயிர் வரும்."

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ரெய்னோ."

"நீ சொல்லுவேன்னு உக்காந்திருந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்த எடத்தை விட்டுட்டு உக்காந்திருந்தேன். இவனைக் கேளு. 'உன்னால முடியல, இனி நான் பார்த்துக்கறேன்'னு நீ வந்து சொன்னா, சாவியைக் குடுத்துட்டு நிம்மதியா இருந்திருப்பேன். நானா வாயைத் திறந்து எனக்கு மூக்கில்லன்னு சொல்ல வரல. நாலஞ்சு தடவ நினைச்சேன். வரல."

"அதை நான் எப்படி உன்கிட்ட சொல்லுவேன்?"

"சொல்ல மாட்ட. செத்தாலும் சொல்ல மாட்ட. அதான் வித்தேன்." ரெய்னோவின் குரல் முதல்தடவையாக உடைந்தது. "எல்மாவ அங்க தனியா விட்டுட்டு என் கதவுகிட்ட வந்து நின்னியே, அன்னிக்கு முடிவு பண்ணிட்டேன். உன்னை நான் விடலைன்னா நீ இங்கயே நின்னு செத்துப்போவ, அவ அங்க தனியா செத்துப்போவா. கொட்டகை இருக்கறவரைக்கும் நீ போக மாட்ட."

"என்னைக் கேட்டியா?"

"நீ என்னைக் கேட்டுட்டா கொக்கியைப் பிடிச்ச?"

கற்கள் படபடவென்று வெடித்தன. எனக்குக் கண்ணெல்லாம் எரிந்தது. வியர்வைதான் என்று வைத்துக்கொண்டேன். சும்மா இருக்க முடியாமல் நான்தான் வாயைத் திறந்தேன்.

"சரி, வித்தது பேரைத்தானே? கொட்டகை இருக்கு, கட்டை இருக்கு. கங்காஸ் மீன்னு ஒரு லேபிள் ஒட்டு. ஊரே வாங்கும்."

"அதையேதான் நானும் சொல்றேன்" என்றான் ரெய்னோ. "எடுத்துக்கோ ஆர்வோ. இந்த மாசத்துக்கப்புறம் நான் புகை போடக்கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க, கதவுகிட்டகூட வர முடியாது. நீ போடலாம்."

"நீ இல்லாமயா?"

"உன் மூக்குதானே இத்தனை நாளா வேலை செஞ்சுது?"

"மீனுக்குப் புகை போடறதுக்கா நான் இத்தனை வருஷம் வந்தேன்?" என்றான் ஆர்வோ.

பின்னே எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. ஆர்வோ இறங்கி, துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே போனான். கதவு திறந்த நேரத்தில் குளிர் உள்ளே வந்து என் முழங்காலைத் தொட்டது. ரெய்னோ பக்கத்திலிருந்த புதுப் பிர்ச் இலைக்கட்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டான். ஜூன் மாசம் என்று சொல்லவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

மாதக்கடைசியில் கடைசிச் சுமை. பேரை வாங்கியவர்கள் கேட்ட மீன் இல்லை, ஊருக்கென்று ரெய்னோ போட்டது. ஏரி முழுக்க உருகி, நீலமாகி, கரையில் கொசு வந்துவிட்டது. எல்மா கைத்தடியோடு வந்து என் கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள். கொட்டகைக்கு வா என்றேன். "நான் இங்கருந்தே பார்க்கறேன். அது அவங்க ரெண்டு பேரோடது" என்றாள். பழைய கோபம் குரலில் இல்லை. அது இல்லாதது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நான் மட்டும் போனேன்.

காலையிலிருந்து புகைந்துகொண்டிருந்தது. வேலிக்கு வெளியே ஊர்க்காரர்கள் கையில் பையோடு வரிசையில் நின்றார்கள். கொக்கி சுவரில் சாய்ந்திருந்தது. ரெய்னோ கதவைத் திறந்தான். மூன்றாவது கம்பியில் துண்டு பிய்த்தான். மூக்கருகே கொண்டுபோகவில்லை. அதை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை ஆர்வோவின் கையில் வைத்தான்.

"இன்னிக்கு நீ சொல்லு" என்றான். "எனக்காக ஒரு தடவ."

ஆர்வோ துண்டை மூக்கருகே கொண்டுபோனான். கண்ணை மூடினான். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்தில் இறங்கி மீசையில் தங்கியது. மூச்சை இழுத்தான். வெறும் உறிஞ்சுகிற சத்தம்தான் வந்தது. இன்னொரு தடவை இழுத்தான். சட்டைக்கையால் மூக்கைத் துடைத்துவிட்டு மறுபடி முயன்றான்.

"எனக்கும் ஒண்ணும் தெரியல ரெய்னோ" என்றான். "மூக்கடைச்சுக்கிச்சு."

இரண்டு பேரும் திறந்த கதவுக்கு முன்னால் நின்றார்கள். புகை அவர்கள் தலைக்கு மேல் சுருண்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. எனக்கு மூக்கு நன்றாக இருந்தது. மீன் வந்துவிட்டது. அதைவிடச் சரியாக ஒருநாளும் வந்ததில்லை. உப்பும் மேப்பிளும் கொழுப்பும் சேர்ந்த அந்த மணம் வேலியைத் தாண்டிப் போனது. பெர்னிஸுக்கும் தெரிந்தது, வேலியில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சந்தியில் நின்று ஊர்க்கதை பேசுகிற எனக்கு அன்றைக்கு வாய் திறக்கவில்லை. சொன்னால் எல்லாம் முடிந்துவிடும்.

ரெய்னோ கதவைச் சாத்தினான்.

"இன்னும் வரல" என்றான்.

ஆர்வோ சுவரில் சாய்ந்திருந்த கொக்கியைத் தொடவில்லை. "ஆமா" என்றான். "இன்னும் வரல."

குனிந்து இன்னொரு கட்டையை அடுப்பில் வைத்தான். இரண்டு பேரும் பெட்டிமேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். பெர்னிஸ் காபி கொண்டுவந்து கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து ரெய்னோ எழுந்து, திறந்து, பார்த்து, "இன்னும் வரல" என்றான். ஆர்வோ இன்னொரு கட்டை வைத்தான். வரிசையில் நின்றவர்கள் யாரும் முணுமுணுக்கவில்லை, யாரும் போகவுமில்லை. எதிரே பெஞ்சில் எல்மா கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏரி மேல் வெயில் சாய்கிறவரைக்கும் அப்படியே போனது. அடுக்கி வைத்திருந்த கட்டை முழுக்கத் தீர்ந்து, அடுப்பு தானாக அணைந்தது.

மீன் கூரை ஓடு மாதிரிக் கறுத்து, காய்ந்து, கையில் எடுத்தால் ஒடிந்தது. ஊர்க்காரர்கள் ஆளுக்கொன்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். என் பங்கு மீன் இன்னும் கடை அலமாரியில் காகிதத்தில் சுற்றியபடி இருக்கிறது. வந்துடுச்சு என்று கடைசிவரைக்கும் யாருமே சொல்லவில்லை.